பலகைச் சுவருக்கு அங்கால

கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து ஏறவேண்டிய ஒரு படிக்கட்டு இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வேலப்போடி மேசன் தன் ஆட்கள் இருவரோடு, சாந்துச் சட்டி, அலவாங்கு, மட்டப்பலகை எல்லாம் சுமந்துகொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தார். மேலே வந்து மூச்சு வாங்கியவர், "ஏணி வச்சு ஏறினாலும் இதவிட லேசு காக்கா" என்றார். அவர் காக்கா என்று அழைத்த வீட்டுக்காரன் லாபீர் சிரித்தான்.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு முன்கூடம், ஓர் அறை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிபடும் ஒரு குசினி. முன்கூடத்தின் பின்பக்கத்தைப் பலகையால் மறித்து, சாமான் போட ஒரு சின்ன அறை. ஊர் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெரிந்து, பக்கவாட்டில் போக இடமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூற்றாறாம் வருசம், மழை பொய்த்து நாளுக்கு நாள் கரண்ட் வெட்டிய வருசம்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. பாத்தும்மா தன்னுடைய சீதன வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்தார். இளையவள் ஜெசீமாவுக்காகப் புருசன் அச்சிமுகம்மதோடு சேர்ந்து, தம்பியின் புடவைக் கடைக்கு மேல் இந்த மாடியைக் கட்டினார். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, புருசனும் பெண்சாதியுமாக ஒரு மூலையில் விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். பிறகு அச்சிமுகம்மது மௌத்தாகிப் போனார். பாத்தும்மா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தார்.

புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், யன்னலுக்குத் திரை போட்டு, ஓர் அறைக்குள் இருப்பது ஊர் வழக்கம். அது முடியும்வரை வீட்டில் கல்லும் மண்ணும் கொட்டி வேலை செய்ய யாரும் நினைக்கமாட்டார்கள். ஜெசீமாவின் புருசன் லாபீரும் நினைக்கவில்லை. சவூதியிலிருந்து லீவில் வந்தவன், அடுத்த முறை பார்ப்போம் என்றுதான் சொன்னான். பிடித்த பிடியில் நின்றவள் ஜெசீமா.

"அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் மச்சான். பொம்புளப் புள்ளையள் ரெண்டும் வளருது. ஒரு அறைக்குள்ள எல்லாரும் எத்தின நாளைக்கி? உம்மா ரெண்டு கிழமைக்கி அந்தச் சாமான் அறைக்குள்ள இரிக்கட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. இத்தா இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு மேசன்மாரை வீட்டுக்குள் ஏற்றினாள் என்று ஊர் கதைக்கும். அதனால் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து மேசனைப் பிடித்தார்கள். அவருக்கு இந்த வீட்டின் சங்கதி தெரியாது.

உம்மாவைச் சாமான் அறைக்கு மாற்றிய அன்று, ஜெசீமா பலகைச் சுவரில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினாள்.

"வாயத் தொறக்காதீங்க உம்மா. இது பலகை, முணுமுணுத்தாலும் அங்கால கேக்கும். என்னவும் வேணுமெண்டா இப்புடித் தட்டுங்க. நான் ரெண்டு தரம் திருப்பித் தட்டினா, கேட்டிட்டு, வாறன் எண்டு அர்த்தம்."

பாத்தும்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல பள்ளிக்கூடம். வயசுபோன காலத்தில எனக்குத் தந்தி அடிக்கப் பழக்கிறா மகள்" என்றார். முட்டு வருத்தக்காரி அவர். சிரித்தால் மூச்சு முட்டி நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தலையணைக்குக் கீழே எப்போதும் கோடாலித் தைலப் போத்தல் ஒன்று இருக்கும்.

பாவம், மனுசிக்குத் தனிமை. வேலை தொடங்கியதும் தட்டத் தொடங்கினார். ஜெசீமா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, மேசன்மார் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து நழுவி உள்ளே போனால், "குசினிக்கி யன்னல் எந்தப் பக்கம் வைக்கிறாங்க? அடுப்புக்கு நேரே வைக்கச் செல்லு மகள், இல்லாட்டிப் புகை கண்ணக் குத்தும்" என்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டு. "பாங்கு செல்லியாச்சா? இந்தச் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல." மறுபடி. "நிலத்துக்கு என்ன நிறம்? பச்ச போடாத புள்ள, வழுக்கினா தெரியாது." வீடு புதிதாவதில் ஜெசீமாவுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை அவருக்கும். கண்ணால் பார்க்க முடியாமல் காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளே ஜெசீமாவுக்கு எரிச்சல் ஏறிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"சும்மா சும்மா தட்டாதீங்க உம்மா. மேசன்மாருக்கு விளங்கிடும்."

"சரி மகள்" என்றார் பாத்தும்மா. அதற்குப் பிறகு அன்று அவர் தட்டவில்லை.

வியாழக்கிழமை, லாபீர் நிலத்துக்கு டைல்ஸ் எடுக்க லொறியோடு காத்தான்குடிக்குப் போனான். வழியெல்லாம் செக்பொயின்ட், பொழுதுபடத்தான் வருவான். பிள்ளைகள் பள்ளிக்கூடம். கீழே கடையில் சீனிமுகம்மது மாமா, உம்மாவின் கூடப்பிறந்த தம்பி, மேலே ஒரு காது வைத்துக்கொண்டு இருந்தார். கரண்ட் போனதும் கடையின் ஜெனரேட்டர் படிக்கட்டின் அடியில் உறுமத் தொடங்கியது. அன்றைக்குத்தான் அறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவிலிருந்த கல் சுவரை உடைத்தார்கள்.

குசினித் திரைக்கு அங்காலிருந்து வேலப்போடி கேட்டார். "தங்கச்சி, சீமெந்துப் பேக்கெல்லாம் கால்ல தடக்குது. இந்தப் பலகைக் கதவோட சாத்தி அடுக்கட்டா? கதவு தேவப்படுமா?"

ஜெசீமாவின் வாய் அவளை முந்திக்கொண்டது.

"இல்ல அண்ணன். அது சாமான் அறை. ஆரும் பாவிக்கிறல்ல."

பேக்குகள் ஒவ்வொன்றாகக் கதவில் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. மேசன்மார் மத்தியானம் சாப்பிடப் போகும்போது நகர்த்திவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

சுவர் சரிந்தபோது வந்த தூசு சொல்லி மாளாது. குசினித் திரை வெளுத்தது. சட்டிக்குள் கறி வெளுத்தது. ஜெசீமா முக்காட்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அப்போதுதான் தட்டு கேட்டது.

இப்போது எப்படிப் போவது? கதவுக்கு முன்னால் சீமெந்துப் பேக்கு. எடுக்கச் சொன்னால், சாமான் அறைக்குள் என்ன அவசரம் என்று கேட்பார்கள். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். சும்மாதான் தட்டுறா, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று கத்தரிக்காய் வெட்டினாள்.

மறுபடி தட்டு. இந்த முறை வேகமாக, நிற்காமல்.

சுத்தியல் சத்தம் நின்றது. வேலப்போடி கேட்டார். "தங்கச்சி, அங்கால ஆரோ தட்டுறாப்போல கிடக்கு."

"அது பின்னால தகரக் கடையில வாளி அடிக்கிறாங்க, அண்ணன்."

பின் ஒழுங்கையில் உண்மையிலேயே ஒரு தகரக் கடை இருந்தது. பொய் சொல்வதற்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று.

வேலப்போடி நல்ல மனுசன், கொஞ்சம் விளையாட்டுக்காரர். "அவங்கள் மட்டுமா, நாங்களும் வேலதான் செய்யிறம்" என்று சொல்லி, சாந்துக் கரண்டியின் பிடியால் பலகையில் திருப்பித் தட்டினார்.

இரண்டு தட்டு.

உள்ளே சத்தம் உடனே நின்றுவிட்டது. மேசன்மார் சிரித்தார்கள். ஜெசீமாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

பிறகு அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அதை அவர்கள் குடித்துக்கொண்டிருந்தபோது, பலகையின் அடியில், நிலத்தோடு ஒட்டினாற்போல், ஒரே ஒரு தட்டு. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஜெசீமாவுக்குக் கேட்டது.

மத்தியானம் லுஹர் பாங்குக்கு மேசன்மார் இறங்கிப் போனார்கள். ஜெசீமா சோற்றுக் கோப்பையோடு வந்து, பேக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். சீமெந்துப் பேக்கின் பாரம் பெண் கைக்கு அடங்காது. இழுத்துக்கொண்டே மெல்லக் கூப்பிட்டாள்.

"உம்மா."

பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். அப்போது கேட்க அங்கே எந்த ஆம்பிளையும் இல்லை.

பாத்தும்மா பலகைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடுப்பு சாம்பல் நிறமாகியிருந்தது. இமையில் தூசு. தைலப் போத்தல் கவிழ்ந்து பாயெல்லாம் மணந்தது. மடக்கிய விரல்கள் பலகையில் பட்டபடி இருந்தன. முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வருகிறேன் என்று சொன்ன ஒருத்தியைப் பார்த்திருந்த முகம் அது.

லாபீர் வந்து சேர்ந்ததும், மறுநாள் காலை அடக்கினார்கள். பெண்கள் கூடி இருந்து அழுதார்கள். "நல்ல மௌத்து" என்றாள் ஒருத்தி. "இத்தாவிலேயே போய்ச் சேர்ந்திட்டா. கடைசிவரைக்கும் ஒரு அந்நிய ஆம்பிளைக்கி அவட குரல் கேக்கல்ல." மற்றொருத்தி ஜெசீமாவின் தலையைத் தடவி, "மகள் அப்புடிக் காத்து வச்சிரிக்கா" என்றாள். மூத்தவள், அவளுடைய ராத்தா மட்டும் அவள் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஒண்டுமே கேக்கல்லியா புள்ள?"

"கேக்கல்ல ராத்தா."

இதுதான் இரண்டாவது பொய். முதலாவதை மேசனுக்குச் சொன்னாள். இதைக் கூடப்பிறந்தவளுக்கே சொன்னாள்.

வேலையை நிறுத்துவோமா என்று லாபீர் கேட்டான். முடிச்சிடுங்க, ஆனால் அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்க என்றாள் ஜெசீமா. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சோறு தின்ன முடியவில்லை. பலகையைக் கழற்றிப் படிக்கட்டின் அடியில் அடுக்கினார்கள். முன்கூடம் விரிந்தது. பிள்ளைகளுக்கு ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை, வெள்ளை டைல்ஸ், குசினியில் அடுப்புக்கு நேரே யன்னல். வந்தவர்கள் எல்லாம் இதே வீடுதானா என்று கேட்டார்கள். லாபீர் சவூதிக்குப் போய்விட்டான். யன்னல் வழியாகப் புகை நேராக வெளியே போனது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து ஜெசீமா அழுதாள்.

முதலில் வந்தது கரண்ட் மீற்றர் பார்க்கிறவர்.

காலை நேரம். நல்ல வெயில். அவர் முன்கூடத்தில் நின்று மீற்றரை அண்ணாந்து பார்த்தார். ஜெசீமா திரைக்குப் பின்னால் நின்றாள்.

தட்டு கேட்டது.

பலகையில் விரல் மடக்கித் தட்டுகிற அதே சத்தம். முன்கூடத்தின் நடுவிலிருந்து, பலகை நின்ற கோட்டிலிருந்து. அந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ் மட்டும் இருந்தது.

மீற்றர்காரர் திரும்பிப் பார்த்தார். "உள்ள ஆரோ கூப்பிடுறாங்க போல."

ஜெசீமாவின் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. "பின்னால தகரக் கடையில வாளி அடிக்கிறாங்க."

அவர் போனதும் தட்டு நின்றது. சுவர் உடைத்த அன்று வந்த அதே தூசு மணம் வந்தது. அதற்குள்ளே தைலம் மணந்தது. டைல்ஸைத் தடவிப் பார்த்தாள். கை சுத்தமாக இருந்தது.

சவூதியிலிருந்து வந்த ஒருவர் லாபீர் பேசிப் பதிந்து அனுப்பிய கசட் நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தட்டு. தண்ணீர்க் குழாய் திருத்த ஒருவர் வந்தார். தட்டு. பெண்கள் வந்தால் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை. சீனிமுகம்மது மாமா வந்து மணிக்கணக்காக உட்கார்ந்து வெற்றிலை போட்டாலும் ஒன்றும் இல்லை.

அதற்குக் காரணம் ஜெசீமாவுக்கு ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது விளங்கிற்று. கஞ்சி கையில் ஊற்றுப்பட்டது.

மாமா கூடப்பிறந்த தம்பி. அவருக்கு முன்னால் உம்மா கதைக்கலாம். அந்நிய ஆண்கள் வந்தால்தான் வாய் திறக்கக்கூடாது. அப்போது தட்டத்தான் வேண்டும். மகள் சொல்லிக் கொடுத்தது அதுதானே. மௌத்தான பிறகும் உம்மா சொல் கேட்டு நடந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் தாங்கமுடியாமல் ஜெசீமா குனிந்து, டைல்ஸில் இரண்டு தரம் திருப்பித் தட்டிவிட்டாள்.

உடனே நின்றது.

அந்த அமைதி தட்டைவிடக் கொடுமையாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்கே போவாள்? போவதற்குக் கதவில்லை. அறையில்லை. அங்கே ஒருவர், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மறுபடியும் அவளைக் காத்திருக்கத் தொடங்கியிருப்பார். அதன் பிறகு அவள் திருப்பித் தட்டவில்லை. ஆம்பிளைகள் யாரையும் மேலே ஏறவிடவும் இல்லை. எதுவானாலும் கீழே கடையில் கொடுங்கள் என்றாள்.

இத்தா முடிந்திருக்கவேண்டிய நாள் வந்தது. அந்த நாளில் உம்மா குளித்து, வெள்ளையைக் களைந்து, வெளியே வந்திருப்பார். இன்றோடு இதுவும் முடிந்துவிடும் என்று ஜெசீமா நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கு வீட்டில் உம்மாவுக்காகக் குர்ஆன் கத்தம் ஓத வைத்தாள். மௌலவி அப்துல் ஹமீட் வந்தார். கடைக்காரர்கள், அயலவர்கள் வந்து முன்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் குசினியிலும் அறையிலும் நிறைந்தார்கள். சாம்பிராணி புகைந்தது. ஓதல் தொடங்கியது.

ஜெசீமா திரைக்குப் பின்னால் விறைத்து நின்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஓதுகிற குரல்கள் ஏறின, இறங்கின. அவளுடைய தோள் மெல்லத் தளர்ந்தது.

தட்டு.

மென்மையாகத்தான் தொடங்கியது. பிறகு வேகமாக, நிற்காமல். உட்கார்ந்திருந்த வட்டத்தின் நடுவிலிருந்து, சாம்பிராணிச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து. ஒருவர் ஓதலை நிறுத்தினார். மற்றவரும் நிறுத்தினார். கடைசியில் எல்லாரும் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சீனிமுகம்மது மாமா தலையைத் தூக்கிக் கேட்டார். "ஜெசீமா, என்ன சத்தம் அது?"

தகரக் கடை என்ற சொல் அவள் நாக்கின் நுனியில் நின்றது. அதை விழுங்கினாள். அத்தனை ஆண்களுக்கும் கேட்க, திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"உம்மா மாமா. அண்டைக்கும் இப்புடித்தான் தட்டினா. எனக்குக் கேட்டிச்சி. நான் போகல்ல."

தட்டு நின்றது.

பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கவலையில கதைக்கிறா, கூரைக்குள்ள பூனை கீனை ஓடியிரிக்கும் என்றார்கள். ராத்தா மட்டும் எழுந்து மற்ற அறைக்குப் போனாள். ஓதல் முடிந்து ஆட்கள் இறங்கிய பிறகு மௌலவி திரைக்கு அருகில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"மகள், உயிருக்கு ஆபத்தெண்டா இத்தாவில இரிக்கிறவ கத்தலாம், கதவத் தொறந்து வெளிய ஓடலாம். மார்க்கம் ஆரையும் அப்புடிப் பூட்டி வைக்கல்ல. அவ அது தெரிஞ்ச மனுசிதானே."

"அவக்குத் தெரியும் மௌலவி. வாயத் தொறக்க வேணாமெண்டு நான்தான் சென்ன."

மௌலவி துஆ கேட்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாமாவும் அவரோடு இறங்கினார். அதன் பிறகு மாமா மேலே வரவில்லை. கடைப் பொடியன் மூலம் மீன் வாங்கி அனுப்பினார், அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்து ஜெசீமா வேலப்போடிக்கு ஆள் அனுப்பினாள். அவர் படியேறி வந்தபோது அவள் திரைக்குப் பின்னால் தயாராக நின்றாள்.

"படிக்கட்டுக்கு அடியில அந்தப் பலகையள் கிடக்கு, அண்ணன். எங்க இருந்திச்சோ அங்கேயே திரும்ப அடிச்சுத் தாங்க. கதவும் வைங்க."

"நல்லா விசாலமாக் கிடக்குதே தங்கச்சி இப்ப."

"எனக்கு அந்த அறை வேணும்."

தட்டு வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஊர்க் கதை காதில் விழுந்ததோ என்னவோ, வேலப்போடியும் எதையோ எதிர்பார்த்தவர் மாதிரி முன்கூடத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அண்டைக்கு நான் விளையாட்டுக்குத்தான் தட்டின, தங்கச்சி. உள்ள ஆள் இருக்கிறது தெரிஞ்சிருந்தா…"

"நீங்க என்ன செய்வீங்க அண்ணன். கேட்டீங்கதானே. நான்தான் பொய் சென்ன."

அவரும் இரண்டு ஆட்களும் பலகைகளை ஏற்றி, மரச்சட்டம் நிறுத்தி, பழைய ஆணித் துளைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு சுவர் நின்றது. கதவும் நின்றது. மிச்சச் சட்டம் அறுக்க அவர்கள் கீழே இறங்கியபோது, ஜெசீமா யாருக்கும் சொல்லாமல் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனித் தட்டு வந்தால் போவதற்கு ஓர் அறை இருக்கிறது. அவ்வளவுதான் அவள் நினைத்தது. உம்மா இருந்த இடத்தில், பலகையோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "உம்மா, வந்திட்டன்" என்றாள்.

இருட்டு. பலகை அறுத்த தூள் தொண்டையில் இறங்கியது. இருமினாள். வெளியே மேசன்மார் திரும்பி வந்தார்கள். கதவில் எதுவோ பாரமாகச் சாய்ந்து நின்றது, சட்டமோ மேசன்மாரின் ஆயுதப் பெட்டியோ. கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. சுத்தியல் விழுந்தது.

எழுந்து கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

மறுபடி தள்ளினாள். நெஞ்சுக்குள் எதுவோ விசில் அடித்தது. அவளுக்கு ஒரு நாளும் முட்டு வந்ததில்லை.

கத்தலாம். மௌலவி சொன்னார். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்று உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. பலகையோடு சரிந்தாள்.

தட்டினாள்.

சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. வேகமாக, நிற்காமல் தட்டினாள்.

சுத்தியல் நின்றது. வேலப்போடியின் குரல் நடுங்கியது. "தங்கச்சி… தங்கச்சி, குசினியிலயா இரிக்கிறீங்க? உள்ள ஆரோ தட்டுறாங்க."

குசினித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"நான் இஞ்சதான் இரிக்கன் அண்ணன். பின்னால தகரக் கடையில வாளி அடிக்கிறாங்க."

அது ஜெசீமாவின் குரல்.

"அப்ப சரி, தங்கச்சி" என்றார் வேலப்போடி. சுத்தியல் மறுபடி விழத் தொடங்கியது.

ஜெசீமாவின் கை நழுவி நிலத்தில் விழுந்தது. கடைசியாக, பலகையின் அடியில், ஒரு தரம் தட்டினாள். இது யாருக்கும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

பலகைக்கு அங்கால, நிலத்தோடு ஒட்டினாற்போல், பதில் வந்தது.

இரண்டு தட்டு.

கேட்டிட்டு, வாறன்.

பிறகு கதவுக்கு வெளியே ஒரு பாரம் இழுபட்டது. நெஞ்சில் விசில் அடிக்க அடிக்க, பலமில்லாத ஒருவர் நின்று நின்று இழுக்கிற சத்தம். கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. ஜெசீமா தவழ்ந்து வெளியே வந்து, வெள்ளை டைல்ஸில் முகத்தை வைத்து மூச்சு வாங்கினாள்.

கதவருகில் யாரும் இல்லை. மேசன்மார் மூவரும் தெருப்பக்க யன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயுதப் பெட்டி கதவிலிருந்து விலகி நின்றது. திரும்பிப் பார்த்த வேலப்போடியின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது.

"நீங்க குசினிக்குள்ளயிருந்துதானே இப்ப கதைச்சீங்க, தங்கச்சி?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தது கதவை. புதுக் கதவின் வெளிப்பக்கத்தில், உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரத்தில், சீமெந்துத் தூசில் ஒரு கை பதிந்திருந்தது. அன்று முழுக்க அந்த வீட்டுக்குள் ஒரு பிடி சீமெந்தும் வரவில்லை. தைலம் மணந்தது.

அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, அந்நிய ஆண்கள் மூவருக்கும் முன்னால், ஜெசீமா குரல் விட்டு அழுதாள். அவள் தட்டினாள், உம்மா வந்துவிட்டார். உம்மா தட்டியபோது அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அழுகைக்கு நடுவே, ஆளில்லாத குசினிக்குள், உம்மா சொல்லி வைத்த அந்தச் சாத்திக்கிடந்த யன்னலை யாரோ மெல்லத் திறந்தார்கள்.